ஐப்பசி மழைக்கு முன் வீட்டுக் காய்கறித் தோட்டம்: எதைப் பிடுங்குவது, எதை விடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடிப்பட்டத்தில் போட்ட செடிகள் ஓய்ந்துவரும் நேரமும் அடைமழை இறங்கும் நேரமும் மதுரைப் பக்கம் கிட்டத்தட்ட ஒன்றாக வருகின்றன. அந்த இடைவெளியில் கொல்லைத் தோட்டத்திலும் மாடியிலும் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான பதில்கள் இவை. அளவுகள் பெரும்பாலும் ஒரு சென்ட் கணக்கில் (சுமார் 435 சதுர அடி) சொல்லப்பட்டுள்ளன. அரை சென்ட் வைத்திருப்பவர்கள் பாதியாக்கிக்கொள்ளலாம்.

எந்தத் தேதிக்குள் வேலையை முடிக்க வேண்டும்?

ஐப்பசி பிறப்பதற்குள். வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். ஐப்பசி பிறப்பது அக்டோபர் 17 அல்லது 18. ஆடி முதல் வாரம் விதைத்த வெண்டையும் கொத்தவரையும் தொண்ணூறு, நூறு நாளில் காய்ப்பு ஓய்வதும் அதே வாரம்தான். அதனால் புரட்டாசி இரண்டாம் வாரத்தில் தொடங்கினால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கிடைக்கும், அது போதும்.

வேலையின் வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். முதலில் செடியைப் பிடுங்கத் தோன்றும். முதலில் செய்ய வேண்டியது வடிகால். ஆவணி, புரட்டாசியில் சாயங்காலம் திடீரென இடித்துக்கொண்டு பெய்யும் மழை மதுரைக்குப் புதிதல்ல, ஒரே மழையில் பாத்தி குளமாகிவிடும். வடிகால் வெட்டிய பிறகு வெயில் வேண்டிய வேலைகள், அதாவது வத்தல் போடுவதும் விதை காயவைப்பதும். பிடுங்குவது கடைசி வாரம்.

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் காலியாக வைப்பது நல்லதா?

இல்லை. பனிவிழும் நாட்டுக்காரர்கள் இலையுதிர் காலத்தில் தோட்டத்தை மொத்தமாகச் சுத்தம் செய்வது, உறைபனியில் எல்லாம் செத்துப்போகும் என்பதால். நமக்கு உறைபனி கிடையாது, கார்த்திகை மார்கழி குளிரில்தான் சில செடிகள் உருப்படியாகக் காய்க்கவே தொடங்கும். செடி செடியாகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பந்தல் அவரையைத் தொடவே கூடாது. பகல் நீளம் குறைந்தால்தான் அது பூக்கும். ஆடியில் போட்டுப் புரட்டாசி வரை வெறும் இலையாகப் படர்ந்து கிடப்பதைப் பார்த்து, "மலட்டுக் கொடி" என்று அறுத்துவிடுபவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. ஐப்பசி கடைசியில் பூங்கொத்து எட்டிப்பார்க்கும், தை வரை காய் வரும். மஞ்சள், இஞ்சி, சேனை, கறிவேப்பிலை, சுண்டை ஆகியவையும் அப்படியே இருக்கட்டும். கத்தரியும் மிளகாயும் நோய் இல்லையென்றால் இன்னொரு சுற்று வரும்.

பிடுங்க வேண்டியவை: வெண்டை, கொத்தவரை, காய்ந்துவரும் பீர்க்கு, புடலை, பாகல், நரம்பு மஞ்சளான எதுவும், வாடிய தக்காளி.

வெண்டையில் இன்னும் நாலு காய் வருகிறதே, விட்டுவைக்கலாமா?

நுனியை ஒடித்துப் பாருங்கள். மேல்பாதியில் வரும் காயின் நுனி பட்டென்று ஒடிந்தால் செடியில் இன்னும் தெம்பு இருக்கிறது, இரண்டு வாரம் விடலாம். வளைந்து நார் இழுத்தால், விதைக்கென்று முன்பே நூல் கட்டி விட்ட காய் உள்ள செடியை மட்டும் விட்டுவிட்டு மற்றச் செடிகளை எடுங்கள்.

இலை நரம்பு மஞ்சளாகி, காயும் வெளுத்து வந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். அந்தச் செடியை அன்றே எடுப்பது நல்லது. ஆனால் வெயிலேறிய பிறகு உலுக்கிப் பிடுங்கினால், இலைக்கு அடியில் இருக்கும் வெள்ளை ஈ அத்தனையும் எழுந்து பக்கத்துத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் போய் உட்காரும். விடியற்காலை, ஈ மந்தமாக இருக்கும்போது, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து இலைக்கு அடியில் படும்படி அடியுங்கள். பிறகு செடியைச் சாக்குக்குள் விட்டு அடியில் அறுங்கள்.

கத்தரியைக் கவாத்து செய்தால் மறுபடி காய்க்குமா? எவ்வளவு விட்டு வெட்டுவது?

காய்க்கும். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், பக்கக்கிளை ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கணு இருக்கும்படி விட்டு, கணுவுக்கு அரை விரல்கடை மேலே சாய்வாக வெட்ட வேண்டும். தட்டையாக வெட்டினால் வெட்டுவாயில் மழைத் தண்ணீர் நின்று மேலிருந்து கீழே கருகிக்கொண்டு வரும். வெட்டிய இடத்தில் பசுஞ்சாணத்தைக் குழைத்து அப்பலாம். காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைத் தண்ணீரில் பசையாகக் குழைத்துத் தடவினால் இன்னும் உறுதி. செடிக்கு இரண்டு கிலோ மக்கிய எரு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு வைத்து மண் அணைத்துவிடுங்கள். ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் காய் பிடிக்கும்.

தேதி முக்கியம். வெட்டிய பிறகு பத்து நாளாவது காய்ந்த வானம் வேண்டும். புரட்டாசி முதல் பாதியில் செய்ய முடியவில்லையா, கார்த்திகை கடைசி வரை பொறுங்கள். ஐப்பசி அடைமழைக்கு நடுவில் வெட்டிய செடியில் பாதி தேறினால் அதிகம்.

இலையெல்லாம் வேப்பிலைக் கொழுந்து அளவுக்குச் சிறுத்து, கொத்துக் கொத்தாக, பூவே இல்லாமல் நிற்கும் கத்தரியைக் கவாத்து செய்வது வீண். அது தத்துப்பூச்சியால் வரும் சிறு இலை நோய், துளிர்ப்பதும் அப்படியேதான் துளிர்க்கும். பிடுங்கிவிடுங்கள். தண்டுத் துளைப்பான் இருந்த செடி என்றால் அடியில் உதிர்ந்து கிடக்கும் சருகையும் சேர்த்து வாரி எடுக்க வேண்டும். அந்தப் புழு கூட்டுப்புழுவாவது பெரும்பாலும் அந்தச் சருகுக்குள்தான்.

பச்சையாக இருந்த தக்காளிச் செடி இரண்டே நாளில் தொங்கிவிட்டது. தண்ணீர் குறைவா, நோயா?

மாலையில் தண்ணீர் விட்டு மறுநாள் காலையில் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் தண்ணீர்க் குறைவு. அப்படியே தொங்கினால் ஒரு சோதனை இருக்கிறது, கண்ணாடித் தம்ளர் ஒன்று போதும்.

அடித்தண்டில் நாலு விரல் நீளத் துண்டு வெட்டுங்கள். தம்ளரில் தெளிந்த தண்ணீர் நிரப்பி, துண்டின் வெட்டுவாய் மட்டும் தண்ணீரில் படும்படி பிடித்துக்கொண்டு ஆடாமல் இருங்கள். பாக்டீரியா வாடல் என்றால் ஐந்து நிமிடத்துக்குள் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று கீழே இறங்கும், சாம்பிராணிப் புகையைத் தலைகீழாகப் பார்த்ததுபோல. இறங்காமல், தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு மட்டும் இருந்தால் பூஞ்சை வாடலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பால் இறங்கினால் மருந்து கிடையாது. வேரோடும் வேரைச் சுற்றிய மண்ணோடும் எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே அகற்றுங்கள். அந்தப் பாத்தியிலிருந்து பக்கத்துப் பாத்திக்குத் தண்ணீர் பாயக் கூடாது. மழையில் இந்த நோய் பரவுவது தண்ணீரோடுதான். அங்கே அடுத்த இரண்டு வருடமாவது தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை போடாமல் சோளம், வெங்காயம், கீரை என்று மாற்றிப் போடுங்கள். வெட்டிய கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்த பிறகே அடுத்த செடியில் வைக்க வேண்டும்.

பிடுங்கிய செடியின் வேரில் முண்டு முண்டாக இருக்கிறது. நல்லதா கெட்டதா?

எந்தச் செடி என்பதைப் பொறுத்தது. கொத்தவரை, அவரை, தட்டைப்பயறு வேரில் இருக்கும் முண்டை நகத்தால் சுரண்டினால் தனியாக உதிர்ந்துவிடும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. அது தழைச்சத்தைச் சேர்க்கும் வேர்முடிச்சு. அந்தச் செடியைப் பிடுங்காமல் தரையோடு அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விடுங்கள்.

வெண்டை, தக்காளி, கத்தரி வேரில் முண்டு இருந்தால், அது உதிராமல் வேரே வீங்கினதுபோல் இருந்தால், நூற்புழு. அந்த வேரை மண்ணில் விடக் கூடாது, குப்பைக்குழியிலும் போடக் கூடாது. வெயிலில் முறுகக் காயவைத்துத் தோட்டத்துக்கு வெளியே கொட்டுங்கள். அந்தப் பாத்திக்குச் சென்டுக்கு ஒரு கிலோ வீதம் போடும் வேப்பம்புண்ணாக்கை இரண்டு கிலோவாக்கி, அடுத்து ஒரு போகம் செண்டுமல்லி போடுங்கள். செண்டுமல்லி வேரில் சுரப்பது நூற்புழுவுக்கு ஆகாது. பூவும் வீணாகாது, மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் கொண்டுபோகிற அளவுக்கு வராவிட்டாலும் வீட்டு வாசலுக்கு ஆகும்.

எதையெல்லாம் உரக்குழியில் போடலாம்?

வைரஸ் வந்த செடியைப் போடலாமா என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமல் வைரஸ் செத்த இலையில் நிற்காது, பூச்சி இல்லாமல் காய்ந்துவிட்டால் குவியலில் போடலாம். வாடல் நோய் வந்தது, நூற்புழு வேர், விதை முற்றிய களை, கோரைக் கிழங்கு, அருகம்புல் வேர் ஆகியவை வேண்டாம்.

பழ ஈ விழுந்த பாகல், பீர்க்கு, புடலை தனிக் கதை. காயில் ஊசி குத்தினமாதிரி புள்ளி, அழுத்தினால் நீர், உள்ளே வெள்ளைப் புழு. இதைக் குவியலின் மேலே போட்டால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த கொடிக்குத் தயாராக நிற்கும். கெட்டி பாலித்தீன் பையில் கட்டி ஒரு வாரம் முழு வெயிலில் வையுங்கள், அல்லது இரண்டு அடி ஆழத்தில் புதையுங்கள். அரை அடி ஆழம் புதைத்தால் புழுவுக்குத்தான் வசதி.

குவியல் மூன்று அடிக்கு மூன்று அடி, உயரமும் மூன்று அடி இருந்தால்தான் உள்ளே சூடேறும். சருகு, காய்ந்த தண்டு மூன்று பங்கு, பச்சைத் தழையும் அடுப்படிக் கழிவும் ஒரு பங்கு, இடையிடையே சாணிப்பால். தண்டுகளை ஒரு சாண் நீளத்துக்கு மேல் விடாமல் நறுக்குங்கள், வெண்டைத் தண்டு முழுசாகக் கிடந்தால் வருடம் ஆனாலும் மக்காது. நாலாம் நாள் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் குத்தி ஐந்து நிமிடம் கழித்து உருவுங்கள். நுனி கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் சரியாகப் போகிறது. சூடில்லாமல் நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம், சருகைக் கூட்டுங்கள். மழைக்குத் தென்னங்கீற்றால் மூடாத குவியலின் சத்து பாதி சாக்கடைக்குப் போய்விடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டினால் தைப்பட்டத்துக்கு எரு தயார்.

சருகை எரித்துவிட்டால் பூச்சியும் போகுமே?

புகை பக்கத்து வீட்டுக்கு, சத்து காற்றுக்கு. மிஞ்சும் சாம்பல் ஒரு சட்டி. வேண்டாம்.

பந்தலில் கொடி காய்ந்து பின்னிக் கிடக்கிறது. வலை கிழியாமல் எப்படி எடுப்பது?

பச்சையாக இருக்கும்போது இழுக்காதீர்கள். அடியில் அறுத்துவிட்டு ஏழு எட்டு நாள் அப்படியே விடுங்கள். பற்றுக்கம்பிகள் காய்ந்து நொறுங்கும், பிறகு கொடியைத் துண்டு துண்டாக வெட்டினால் வலையிலிருந்து தானாக உதிரும். ஒரே பந்தலில் அவரையும் ஏறியிருந்தால் எந்தத் தண்டு எது என்று அடியிலிருந்து விரலால் தடவிப் போய்ப் பார்த்துவிட்டு அறுக்கவும். தப்பித் தவறி அவரையை அறுத்துவிட்டு வருந்துவது பந்தல் வேலையில் சாதாரணம்.

சவுக்குக் கம்பு, மூங்கில் எல்லாம் தரைமட்டத்தில்தான் இற்றுப்போகும். கம்பின் அடியில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். ஒரு விரல்கடை இறங்கினால் மாற்றிவிடுங்கள், ஈர இலைப் பாரமும் ஐப்பசிக் காற்றும் சேர்ந்தால் தாங்காது. காய்கறிப் பாத்தியில் நிற்கும் கம்புக்குப் பழைய வண்டி ஆயில் தடவ வேண்டாம், மண்ணில் இறங்கும்.

மஞ்சள் பூசணியையும் சாம்பல் பூசணியையும் எப்போது பறிப்பது?

காய்க்குப் பக்கத்துக் கணுவில் இருக்கும் பற்றுக்கம்பி காய்ந்திருக்க வேண்டும், தோலில் நகம் இறங்கக் கூடாது. சாம்பல் பூசணி என்றால் மேலே வெண்பொடி நன்றாகப் பூத்திருக்க வேண்டும், அந்தப் பொடியைத் துடைக்காதீர்கள். மூன்று விரல்கடை காம்பு விட்டுக் கத்தியால் அறுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்கினால் காம்பு கழன்று, அந்த இடத்தில் அழுகல் தொடங்கும். காற்றோட்டமான நிழலில் பத்து நாள் ஆறவிட்டு, பிறகு வைக்கோல் மேல் ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்கினால் பொங்கல் வரை, நல்ல தோல் உள்ளது அதற்கு மேலும் தாங்கும். இன்னும் முற்றாத காயைக் கொடியிலேயே விட்டு, அடியில் செங்கல் அல்லது ஓட்டுத்துண்டு வையுங்கள். ஈரமண் பட்ட பக்கம்தான் முதலில் அழுகும்.

மழை வருகிறது, தக்காளி இன்னும் பச்சை. என்ன செய்யலாம்?

அடியில் லேசாக வெளிறி இளஞ்சிவப்பு தெரிந்தால் பறித்துவிடுங்கள். அதற்குமேல் செடியில் விட்டால், வறண்ட நாட்களுக்குப் பின் வரும் ஒரு கனமழையில் காய் தண்ணீரை உறிஞ்சித் தோல் வெடிக்கும். செய்தித்தாளில் பரப்பி, மேலே இன்னொரு தாள் மூடி, நடுவில் ஒரு பழுத்த வாழைப்பழம் வைத்தால் ஐந்தாறு நாளில் பழுக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் பழுப்பது நின்றுவிடும், பிறகு வெளியே எடுத்தாலும் சுவை வராது. நிறம் திரும்பாத கெட்டிப் பச்சைக் காய் பழுத்தாலும் சப்பென்றிருக்கும், அதைத் துவையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

மிளகாயில் சிவந்ததையெல்லாம் மழைக்கு முன் பறியுங்கள். சிவந்த பழத்தில்தான் கறுப்பு வளையப் புள்ளி விழுந்து அழுகும்.

கடைசிக் காய்களை வத்தல் போடும் முறை?

புரட்டாசி வெயிலை விட்டால் தை வரை வத்தலுக்கு வெயில் கிடையாது. முற்றி நார் விழுந்த காய் வத்தலுக்கும் ஆகாது, பிஞ்சும் நடுத்தரமும்தான்.

கொத்தவரை ஒரு கிலோவுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொதிக்கவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி உப்புப் போட்டு, காயைப் போட்டு மூன்று நிமிடம். பச்சை நிறம் பளிச்சென்று ஏறியதும் வடித்துவிடுங்கள். வெந்து குழைந்தால் காயும்போது பாயில் ஒட்டும். வெண்டையை வேகவைக்க வேண்டாம். அரை விரல்கடைத் துண்டாக நறுக்கி, புளித்த மோரில் உப்புச் சேர்த்துப் பத்து நிமிடம் பிரட்டிக் காயவையுங்கள். மோர்மிளகாய்க்கு அரைக் கிலோ மிளகாய், அரை லிட்டர் புளித்த மோர், 60 கிராம் உப்பு. காம்போடு, நடுவில் சின்னதாகக் கீறி, இரவு மோரில், பகலில் வெயிலில். மூன்று நாளில் மோர் இழுத்துக்கொள்ளும், அதன்பின் இரண்டு மூன்று நாள் தனியாகக் காயட்டும்.

நாலு மணிக்கே உள்ளே எடுத்துவிடுங்கள், பனியும் தூறலும் பட்டால் பூஞ்சை. ஒடித்தால் சத்தத்தோடு ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு நாள். பாதி காயும்போது மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே ஒரே அடுக்காகப் பரப்புங்கள். பச்சை, கறுப்புப் பூஞ்சை பூத்ததைக் கழுவிக் காயவைத்துச் சாப்பிடக் கூடாது.

விதைக்கு எதை, எப்படி எடுப்பது?

கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் மெனக்கெட வேண்டாம், அடுத்த தலைமுறை ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. நாட்டு ரகம், பெரியகுளம் பி.கே.எம் 1 தக்காளி போன்ற ரகங்கள் என்றால் எடுக்கலாம். காய்ப்பு ஓயும்போது கிடைக்கும் சூம்பல் காயிலிருந்து எடுக்கிறார்கள், அது தவறு. நடுப்பருவத்தில் நல்ல செடியில் நல்ல காய் ஒன்றுக்கு நூல் கட்டி விட்டிருக்க வேண்டும். இப்போது அதைத்தான் பறிப்பீர்கள்.

கத்தரி மஞ்சளாகி மெத்தென்றாக வேண்டும். பீர்க்கு செடியிலேயே காய்ந்து, ஆட்டினால் கலகலக்க வேண்டும். விதையைத் தட்டி எடுத்தபின் கூடு முதுகு தேய்க்க ஆகும். பாகல் ஆரஞ்சு நிறமாகி வெடிப்பதற்கு முதல் நாள். தக்காளி விதையைச் சாற்றோடு கிண்ணத்தில் ஒரு நாள், அதிகம் போனால் ஒன்றரை நாள் புளிக்கவிட்டுக் கழுவுங்கள். நம் ஊர்ச் சூட்டில் மூன்று நாள் விட்டால் விதை உள்ளேயே முளைகட்டிவிடும்.

நிழலில் காயவைத்து, வெண்டை விதையைச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். நொறுங்கினால் காய்ந்தது, நசுங்கினால் ஈரம். மழைக்காலக் காற்றே ஈரமானது, அதனால் கண்ணாடிப் புட்டியின் அடியில் கால் பாகம் வறுத்து ஆறிய அரிசி, மேலே காகிதத்தில் மடித்த விதை, இறுக்கமான மூடி. பெயரும் மாதமும் எழுதுங்கள். சுரை விதையும் பூசணி விதையும் தை மாதம் உங்களுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

எங்கள் மண் கரிசல். பக்கத்து ஊரில் செம்மண். ஒரே முறைதானா?

இல்லை. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கக் கரிசல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, மூன்றடிக்கு மேல் அகலம் வைக்காமல், நடுவே ஒரு அடி வாய்க்கால் விட வேண்டும். முதல் நல்ல மழைக்குப் பிறகு பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது. மிதித்த இடம் தையில் கல்லாக இறுகியிருக்கும். ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். உருண்டையாகிக் கையில் ஒட்டினால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.

மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கச் செம்மண்ணில் தண்ணீர் நிற்காது, ஆனால் மழைத்துளி விழுந்து மேலே ஓடு கட்டும், மேல்மண் அரித்துப் போகும். அங்கே உயரமான பாத்தியைவிடச் சருகு மூடாக்குதான் காப்பு. இரண்டு விரல்கடை கனம் போதும், தண்டை ஒட்டிப் போடாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

எருவை மழைக்கு முன் போடவா, பின் போடவா?

மக்கிய தொழு எரு முன்பே போடலாம். சென்டுக்கு 100 கிலோ, சிமெண்ட் சட்டியில் ஏழெட்டுச் சட்டி. மேலே தூவிவிடாமல் அரை அடி ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிடுங்கள். யூரியா போன்றவை அடைமழைக்கு முன் போட்டால் வைகைக்குப் போட்டமாதிரி.

டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையின் பொடி நூறு கிராமை ஐந்து கிலோ மக்கிய எருவில் பிசறி, ஈரச்சாக்கு மூடி நிழலில் பத்துப் பதினைந்து நாள் வைத்துப் போட்டால் வேரழுகல் குறையும். அதே வாரத்தில் பூஞ்சைக்கொல்லி ஊற்றினால் அதுவும் செத்துவிடும், இரண்டில் ஒன்று மட்டும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: கோடை முழுக்கப் பாய்ச்சிய உப்பு வெள்ளையாகப் பாத்தியில் படிந்திருக்கும். அதைக் கழுவ மழையைத் தவிர வேறு வழியில்லை. முதல் இரண்டு நல்ல மழையைத் திறந்த பாத்தியில் வாங்கிக்கொண்டு, அதன்பிறகு மூடாக்கு போடுங்கள்.

மாடித் தோட்டத்தில் தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் மாடியின் தண்ணீர்க் குழாய் வாய். சருகும் தென்னைநார்த் துகளும் அங்கே அடைத்தால் ஒரு இரவு மழையில் தளத்தில் தண்ணீர் நிற்கும். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். உங்கள் குழாய் அந்தத் தொட்டிக்குத்தான் போகிறது என்றால் பையிலிருந்து கரையும் மண் வடிகட்டி மணலை அடைக்கும். குழாய் வாயில் கொசுவலையை இரண்டாக மடித்துக் கட்டி, மழை நின்ற ஒவ்வொரு முறையும் உதறுங்கள்.

குரோ பேக்கின் அடித்துளைகளில் பழைய வேர் அடைத்திருக்கும், குச்சியால் குத்தி விடுங்கள். ஓரடி அகலப் பை நனைந்தால் இருபத்தைந்து கிலோ வரும். நாற்பது பை என்றால் ஒரு டன். தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரும் உத்தரமும் இருக்கும் ஓரங்களில் வையுங்கள், செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடித்தட்டுகளை மழைக்காலம் முழுக்க எடுத்துவிடுங்கள். டெங்குக் கொசு அதில் முட்டையிலிருந்து பறக்கும்வரை வளர ஏழெட்டு நாள் போதும்.

காலிப் பைகளின் மண்ணைக் கொட்டி, வேர் பொறுக்கி, புரட்டாசி வெயிலில் நாலு நாள் பரப்பி, மூன்றில் ஒரு பங்கு புது எரு கலந்து நிரப்பலாம். வாடல் வந்த பையின் மண்ணை இப்படிச் சேர்க்காதீர்கள்.

முருங்கை மரத்தில் கம்பளிப்புழு அப்பிக் கிடக்கிறது.

பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும், இரவில் ஏறி இலை தின்னும். பகலில் அந்தக் கூட்டத்தைத் தீப்பந்தத்தால் லேசாகப் பொசுக்குவதுதான் எளிது, பட்டை கருகாமல் தடவினாற்போல் காட்டுங்கள். வீட்டுச் சுவர், கூரை ஒட்டிய மரமாக இருந்தால் தீ வேண்டாம், சோப்புத் தண்ணீர் வாளிக்குள் நீளத் துடைப்பத்தால் தள்ளுங்கள். வெறும் கை படக் கூடாது.

கருவிகள்?

ஆயுத பூஜைக்கு எப்படியும் கழுவிப் பொட்டு வைப்பீர்கள். அதற்கு முந்தின நாள் மண்வெட்டி, களைக்கொத்து, அரிவாளை மணல் போட்டுத் தேய்த்து, தீட்டி, தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். ஆடும் காம்பைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவது ஒரு வாரத்துக்குத்தான் நிற்கும், ஆப்பு அடிப்பது நல்லது.

சருகுக் குவியலில் பாம்பு இருக்குமா?

இருக்கும் என்று நினைத்தே வேலை செய்யுங்கள். வளைக்குள் தண்ணீர் போனால் கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், தேள் எல்லாம் உலர்ந்த குவியலுக்கு வரும். கையை விடுமுன் கம்பால் புரட்டுங்கள், முழங்கால் பூட்ஸ் போடுங்கள், இருட்டிய பிறகு வேண்டாம். கடித்துவிட்டால் கயிறு கட்டவோ கீறவோ கூடாது. கடித்த கையை, காலை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்கு.

மஞ்சள், சேனை, பனங்கிழங்கு எப்போது?

மஞ்சளுக்கும் இஞ்சிக்கும் இப்போது மண் அணைப்பு மட்டும். வெளியே தெரியும் கிழங்கு பச்சையாகிவிடும். பொங்கலுக்குக் கொத்து வேண்டுமானால் நாலைந்து தூரை ஒதுக்கிவைத்து இலையோடு பிடுங்குங்கள், மற்றதை இலை காய்ந்து சாய்ந்த பிறகு மாசியில் வெட்டலாம். சேனையும் இலைத்தண்டு சாய்ந்த பிறகுதான், பெரும்பாலும் தையில். பனங்கொட்டை புதைக்க ஆவணி, புரட்டாசிதான் நேரம். அடியில் மண்ணைக் குவித்து மேட்டின் மேல் நெருக்கமாக அடுக்கி மூடினால் மார்கழி கடைசியில் கிழங்கு இறங்கியிருக்கும். மேடு உயரமாக இருந்தால்தான் கிழங்கு நீளமாக வரும், பிடுங்குவதும் சுலபம்.

காலியான பாத்தியில் என்ன போடலாம்?

அடைமழையில் சிறுகீரை, அரைக்கீரை விதை அடித்துப் போகும், அதைக் கார்த்திகை கடைசிக்கு வையுங்கள். மண் இளைத்துப்போயிருந்தால் பசுந்தாள் உரச் செடியான சணப்பு, சென்டுக்கு 150 கிராம் விதை. நாற்பத்தைந்தாம் நாள், பூ எடுக்கும்போது மடக்கிக் கொத்தினால் மார்கழி நாற்று நடவுக்கு மண் பொதுபொதுவென்றிருக்கும். பூத்து முற்ற விட்டால் தண்டு நாராகிவிடும், மண்வெட்டி இறங்காது.

கரிசல் வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசியில் கொத்தமல்லிதான் முதல் யோசனை. சென்டுக்கு நூறு கிராம். மளிகைக் கடை மல்லியானாலும் முளைக்கும், வறுத்ததாக இல்லாமல் புதியதாக இருந்தால் போதும். விதையைச் செருப்புக் காலால் தரையில் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஒரு இரவு ஊறவைத்து, சாண் இடைவெளி வரிசையில் ஒரு விரல்கடை ஆழத்தில் தூவி மூடுங்கள். எட்டு நாளில் முளைக்காவிட்டால் கொத்திப் போட்டுவிடாதீர்கள், சில நேரம் பதினைந்து நாள் ஆகும்.